பின்னுக்கு ஒரு லைற்

"இடியப்பம் அவிக்கிற சட்டியில என்னத்தையப்பா அவிக்கிறியள்?"

மனைவி கமலேஸ்வரி போட்ட சத்தம் அடுத்த வளவுக்கும் கேட்டது.

"காரின்ர லைற்," என்றார் வீரகத்தி.

கண்டாவளையில் அந்தப் பக்கத்துக்கு இருந்தது ஒரேயொரு வாடகைக் கார். பழைய ஒஸ்ரின். பெற்றோலைக் கண்ணால் காண முடியாத போர்க்காலம் என்பதால் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி எதுவென்றாலும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வீரகத்தியின் கார்தான். அதன் முன்லைற் ஒன்றுதான் இப்போது இடியப்பத் தட்டில் குந்தியிருந்தது.

"திறக்கேலாமல் ஒட்டி மூடின சாமான். ஆவி பட்டால் பசை இளகும்."

"அப்ப இரவைக்கு?"

"சோறு காய்ச்சுமன்."

கண்ணாடி கழன்றது. உள்ளே இருந்த பெரிய பல்பை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிள் பல்பு ஒன்றை வைத்தார். கண்ணாடியின் மேல் பாதிக்கு உட்புறமாகக் கறுப்பு மை பூசினார். வெளிச்சம் நிலத்தில் மட்டும் விழும், மேலே சுற்றிச் சுடுகிற ஹெலிக்காரன் கண்ணில் படாது. பிறகு சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூசனைத் தடவி மூடினார்.

வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த ஐயாத்துரை இதுவரை ஒரு குறையும் சொல்லவில்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், குறை சொல்லாமல் இவ்வளவு நேரம் நின்றதே பெரிய காரியம்.

ஆனால் வீரகத்தி லைற்றைக் கொண்டுபோய்ப் பூட்டியது காரின் முன்பக்கத்தில் அல்ல. டிக்கிக்கு மேலே, பின்பக்கம் பார்த்தபடி.

அடுத்த நாள் ஊர் சிரித்தது.

"இனி றிவேர்ஸிலதான் ஓட்டமாம்."

"கூலி தராமல் ஓடுறவையைப் பிடிக்கவாக்கும்."

ஐயாத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மகள் பிரேமிளாவுக்கு இது பேறுமாதம். மருமகன் வவுனியாவுக்குப் போன இடத்தில் பாதை மூடி அங்கேயே நின்றுவிட்டார். மகளுக்கு வலி வந்தால் இந்தக் காரை விட்டால் வேறு கதியில்லை.

"வீரகத்தி, உனக்கு மூளை கலங்கிப்போச்சோ? றோட்டு முன்னுக்கெல்லோ கிடக்கு."

"ஓம் அண்ணை."

"றோட்டு முழுக்கக் கிடங்கு. ஒற்றைக் கண்ணோட பிள்ளைத்தாச்சியளை ஏத்தப் போறியோ?"

"மெல்லமாப் போவன்."

"பின்னுக்கு ஆருக்கு வெளிச்சம்? பேய்க்கோ?"

வீரகத்தி கையில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை சனசமூக நிலையத்தில கூட்டம். அதுக்குள்ள நீ இதை முன்னுக்குப் பூட்டாட்டில், இந்தக் காரில ஒருத்தரும் ஏறக்கூடாதெண்டு நான் எழும்பிச் சொல்லுவன்."

"பூட்டுறன் அண்ணை."

ஐயாத்துரைக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இன்னும் நிறையச் சொல்ல வைத்திருந்தார்.

வியாழக்கிழமை பொழுதுபட பிரேமிளாவுக்கு வலி கண்டது. ஒருத்தரும் ஏறக்கூடாத காரின் கதவை முதலில் தட்டியவர் ஐயாத்துரைதான்.

பின்சீற்றில் பிரேமிளாவைக் கிடத்தினார்கள். தாய் இரஞ்சிதம் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். முன்சீற்றில் மண்ணெண்ணெய்க் கான் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து குழாய் ஒன்று இஞ்சினுக்குப் போனது.

"நான் எங்க ஏற?"

"சைக்கிள்ல வாங்கோ அண்ணை. லைற்றுக்குள்ளயே வாங்கோ."

கார் ஊர்ந்தது. பின்னால் நிலத்தில் ஒரு பாயளவு மஞ்சள் வெளிச்சம். ஐயாத்துரை அதற்குள் மிதித்தார். அதைத் தாண்டினால் மாரி இருட்டு, தன் கையே தனக்குத் தெரியவில்லை. முரசுமோட்டை தாண்டியதும் கார் இன்னும் மெல்லமானது. குண்டு விழுந்து பாதி போய்விட்ட மதகு. வெளிச்சத்தின் ஓரத்தில் திடீரென்று றோட்டு முடிந்து, கீழே கறுப்பாய்த் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு இடியாத கரையோடு வந்தார். அவர் வந்து சேரும்வரை கார் நின்றது.

பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குளித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்த ஐயாத்துரை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இடியப்பச் சட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. தட்டில் அதே லைற்.

"என்ன செய்யிறாய்?"

"பின்னேரம் கூட்டமெல்லோ அண்ணை. பழைய பல்பைப் போட்டு முன்னுக்குப் பூட்டவேணும்."

ஐயாத்துரை படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தோளில் கிடந்த துவாயால் பிடித்து, சட்டியைத் தானே அடுப்பிலிருந்து இறக்கினார்.

"பிள்ளை கமலேஸ்வரி, இதைக் கொண்டுபோய் ஒளிச்சு வை. லைற் பின்னுக்கே கிடக்கட்டும். கூட்டத்தில நான் கதைக்கிறன்."

துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏனடாப்பா, அண்டைக்கே விசயத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் பிரேமிளாவின்ர காதிலயும் விழும். பிறகு காரில ஏறப் பயப்படுவா."

"பயப்பிட என்ன கிடக்கு?"

"போன மாரியில தருமபுரத்துப் பிள்ளை ஒண்டைப் பேறுக்குக் கொண்டுபோனனான். தாயும் சேயும் சுகம். சைக்கிள்ல பின்னால வந்த அவளின்ர தகப்பன், அந்த மதகால விழுந்து செத்துப்போயிட்டார். விடிஞ்சுதான் ஆக்கள் கண்டவை."



"அவர் விழுந்தது உனக்குத் தெரியேல்லையோ வீரகத்தி?"

"அண்டைக்கு முன்னுக்கு ரெண்டு லைற்றும் எரிஞ்சது அண்ணை. எனக்கு றோட்டு வடிவாத் தெரிஞ்சது."