எட்டு ஓட்டைகள்

தண்ணீர் நிற்கவே இல்லை.

மூன்றாவது தடவையாகக் கிரேனிலிருந்து தொட்டியைக் கவிழ்த்தார்கள். ஒரு லாரித் தண்ணீர் படகின் தளத்தில் வந்து விழுந்தது. மஞ்சள் ரப்பர் உடுப்பு போட்ட நடிகர்கள் அலறிக்கொண்டு உருண்டார்கள். முப்பது எண்ணுவதற்குள் அவ்வளவு தண்ணீரும் இரண்டு பக்கத்து ஓட்டைகள் வழியாகக் கடலுக்கே திரும்பிவிட்டது.

நடிகர்கள் நனைந்த கோழி மாதிரி எழுந்து நின்றார்கள். படகு ஒன்றுமே நடக்காததுபோல நேராக மிதந்தது.

நல்ல படகு. நான் சரிபண்ணிக் கொடுத்தது.

"கட்!" என்று கத்தினான் இயக்குநர். டொராண்டோக்காரன். மேகம் கறுத்தாலே காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். அவன்தான் புயல் படம் எடுக்கிறான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆறு பேரோடு காட் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாத 'எதெல் மே' படகின் கதை. ஆளும் கிடைக்கவில்லை, ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அதை ஓட்டிப்போனவன் என் மகன் ஆம்ப்ரோஸ். இந்தப் படகும் அதே அச்சுதான்.

செயின்ட் ஜான்ஸ் நகரத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரிகள் காகிதத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்ல நான் என்ன பைத்தியமா.

யாருமே பார்க்காததை இந்தப் படக்காரர்கள் பார்த்த மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். எண்பது அடி அலை ஒன்று வந்து விழுங்கியதாம்.

என் மருமகள் உர்சுலாவுக்கு அந்த அலை போதும்.

பதினோரு வருடமும் அவளுக்கு ஒரே கேள்விதான். என்னதான் ஆச்சு மாமா? மாதா கோயில் வாசலில் கேட்பாள். தட்டில் மீனை வைத்துக்கொண்டே கேட்பாள். எண்பது அடி அலைக்கு எந்தப் படகும் தாங்காது என்று இவர்கள் சொன்ன பிறகு கேட்பதை நிறுத்தினாள். இப்போது தூங்குகிறாள் போலிருக்கிறது. முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. அது கெடாமல் இருந்தால் சரி.

அவளும் துறையில் மடக்கு நாற்காலி போட்டு, முழங்காலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

இயக்குநர் என்னிடம் வந்தான். "பெரியவரே, அந்த ஓட்டையெல்லாம் அடைச்சிருங்க. தண்ணி தங்கினாத்தான் படகு சாயும்."

"முடியாது."

"ஏன்?"

"தளத்துல விழுற தண்ணி வெளிய போகத்தான் தம்பி அது. அடைச்சா அது படகு இல்ல, குளிக்கிற தொட்டி."

ஆம்ப்ரோஸாக நடிக்கிற பையன் படகிலிருந்து கத்தினான். "தொட்டின்னா சுடுதண்ணி ஊத்தச் சொல்லுங்க பெரியவரே! பல்லெல்லாம் தந்தியடிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். உர்சுலாகூடச் சிரித்தாள்.

"சினிமாவுல எவன் ஓட்டையைப் பாக்கப்போறான்?" என்றான் இயக்குநர்.

"நான் பாப்பேன்."

உர்சுலா எழுந்து வந்துவிட்டாள். "எதுக்கு மாமா பிடிவாதம்? அடைச்சு விடுங்க. அந்த அலை வந்து முடியட்டும், நான் வீட்டுக்குப் போறேன்."

இன்னொரு தடவை மறுத்தால் ஏன் என்று கேட்பாள். கேட்க ஆரம்பித்தால் அவள் விடமாட்டாள்.

வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

பக்கத்துக்கு நான்கு. தகட்டை வெட்டி, ஓட்டைமேல் வைத்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்துக்கொண்டே போனேன். எட்டாவது தகடு அதன் இடத்தில் உட்கார்ந்தபோது இயக்குநர் என் முதுகில் தட்டினான்.

"அளக்குற டேப்பைக் கையிலயே எடுக்கல! கத்தரிச்சு வெச்ச மாதிரி எப்படிப் பொருந்துது பாருங்க!"

உர்சுலா தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

கிரேன் தொட்டியைக் கவிழ்த்தது. தண்ணீர் நின்றது. முழங்கால் அளவு. இரண்டாவது தொட்டிக்கு இடுப்பளவு. நடிகர்கள் இந்தத் தடவை நடிக்காமலே கத்தினார்கள். படகு ஒரு பக்கமாக, அவசரமே இல்லாமல் சாய்ந்தது. கரையோடு கட்டியிருந்த இரும்புக் கயிறுகள் நறநறவென்று இழுத்துப் பிடித்தன.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "அடேயப்பா, இதுக்கு அலையே வேணாம் போலிருக்கே!"

உர்சுலா படகைப் பார்த்தாள். தகடுகளைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

தேநீரும் வெல்லப்பாகு ரொட்டியும் எடுத்துக்கொண்டு என் அருகில் வந்தாள். கொடுக்கவில்லை.

"அவரு கிளம்பின அன்னிக்கும் நான்தான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டாந்தேன் மாமா" என்றாள். "அப்பவும் தகடுதான் வெட்டிட்டு இருந்தீங்க. இதே அளவுல, எட்டு."

நான் முகமூடியைத் தூக்கவில்லை.

"பிடிச்ச மீனெல்லாம் ஓட்டை வழியா நழுவிப் போகுதுப்பா, இந்த ஒரு தடவை மட்டும் அடைச்சுக் குடு" என்றான் என் மகன் ஆம்ப்ரோஸ், கிளம்புகிற அன்று.

அன்றைக்கும் முதலில் முடியாது என்றுதான் சொன்னேன்.