வைக்கோல் கூடை வாடகை

புள்ளிக்கோழி மகளிர் குழுவில் கடனாகச் சோளம் வாங்கி, அதைக் கொடுத்து நான்கு வைக்கோல் கூடைகள் வாங்கினாள். முட்டையிட வருகிறவர்களிடம் வாடகை வாங்கலாம் என்று நினைத்தாள். ஒருத்தியும் வரவில்லை. "தரை சும்மாதானே கிடக்கிறது!" என்று சிரித்தார்கள்.

தவணை நாளில் குழுவின் நான்கு கோழிகளும் அவள் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

"நீ தவணை கட்டும்வரை எழுந்திருக்க மாட்டோம். இருட்டுவதற்குள் கட்டாவிட்டால் கூடைகளைத் தூக்கிவிடுவோம்," என்றாள் தலைவி கருங்கோழி.

"தரை ஈரம் அக்கா, கூடையில் உட்காருங்கள்."

பொழுது சாய்வதற்குள் நான்கு கூடைகளிலும் முட்டை.

"ஆளுக்கு ஒரு பிடி சோளம் வாடகை, அக்கா."

"அடியே, வசூலிக்க வந்தவர்களிடமே வசூலா?"

"தவணை வேண்டுமா, வேண்டாமா?"

முனகிக்கொண்டே கொடுத்தார்கள். அதையே தவணையாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கருங்கோழி தனியாக வந்து நின்றாள்.

"தவணைக்கு வரவில்லை, நகரு. அந்த ஓரத்துக் கூடை காலியா?"