ஷிபுவின் ஜேசிபிக்குக் குளிர்

லடாக்கில் ரோடு போட்டுவிட்டுத் திரும்பிய ஷிபு, அங்கே ஓட்டிய பழைய ஜேசிபியையும் விலைக்கு வாங்கிக் குலசேகரத்துக்குக் கொண்டுவந்திருந்தான். அது போகட்டும். சாயங்காலமானால் அவன் செய்கிற கூத்துதான் பக்கத்து வீட்டுச் சத்தியபாய்க்குப் பிடிபடவில்லை. உறைந்துவிடக் கூடாதென்று டீசலில் மண்ணெண்ணெய் கலப்பான். டயர் மண்ணோடு ஒட்டிவிடக் கூடாதென்று அடியில் பலகை போடுவான். என்ஜினுக்குக் கம்பளி போர்த்துவான். பேட்டரியைக் கழற்றிப் படுக்கையறைக்கே தூக்கிப் போவான். இத்தனையும் சித்திரை வெயிலில்!

"ஏட்டி ஸ்மைலின், உனக்க மாப்பிள்ளைக்குத் தலைக்குச் சொகமில்ல. இல்லேன்னா அங்க எவளோ இருக்கா. டாக்டர்ட்ட கொண்டு காட்டு."

"நீங்களும் கூட வந்து சொல்லுங்க மாமி," என்று ஷிபுவின் மனைவி ஸ்மைலின் அழுதாள்.

சாட்சி சொல்லப் போகிறவள் சோதித்துப் பார்க்க வேண்டாமா? மறுநாள் வேலையில்லாமல் வண்டி முற்றத்தில் நின்றது. துவைத்த நைட்டியை அதன் கையில் காயப்போடுகிற சாக்கில் சத்தியபாய் கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். சாராயக் குப்பியும் இல்லை, எவளுடைய போட்டோவும் இல்லை.

"மாமி, ஈரத்துணிய அதுல போடாதீங்க," என்று ஷிபு வாசலில் நின்று கத்தினான். "காயாது."

"இந்த வெயில்லயா மக்கா?"

சிரித்தபடி நைட்டியைத் தொட்டாள். ஐஸாய் உறைந்து பப்படம்போல விறைத்திருந்தது. இழுத்ததும் நைட்டியின் ஒரு கை மளுக்கென்று ஒடிந்து அவளோடு வந்தது.

ஸ்மைலின் நல்ல சேலை உடுத்தி வெளியே வந்தாள். முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சம்.

"டாக்டர்ட்ட புறப்படுவோமா மாமி? அவரும் வாறேன்னுட்டாரு."