குருவிக்காக வந்தவர்கள்

"குருவி, விடாதே கண்ணு!"

லேத் பட்டறைக்காரரின் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய் முட்டியது. முன்வரிசையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் பாதியைச் சட்டைக்குக் கொடுத்துவிட்டார்.

இருபது வருஷம் ஓடுகிற மெஷினுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசு என்றால் அவருக்குப் பேச்சே வராது.

கோலுக்கு நடுவில் நின்ற தலைக்கவசம் ஒரு தடவை மேலே திரும்பிப் பார்த்தது. பிறகு பந்துப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கல்லூரிகளுக்கிடையிலான பெண்கள் ஹாக்கி. இறுதிப் போட்டி. ஆறு மணி நேரம் பட்டறை வேனிலேயே வந்திருந்தார்கள்: அவர், அவர் மனைவி, அவருடைய அக்கா.

என்னதான் பெருக்கினாலும் அந்த வேனில் இரும்புச் சுருள் எங்காவது ஒளிந்திருக்கும். அக்காவின் குதிகாலை இரண்டு தடவை பதம் பார்த்துவிட்டது. வழி முழுக்கத் தம்பியைத் திட்டிக்கொண்டு வந்தவள், காலரியில் உட்கார்ந்ததும் அதை மறந்து எதிரணியைத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஏன்டா, இத்தனை பெரிய மெத்தையைக் கால்ல கட்டிவிட்டா புள்ள எப்படிடா ஓடும்?"

"கோல்கீப்பர் ஓட வேணாங்க்கா. அசராம நின்னாப் போதும்."

அவருடைய கவலையே அதுதான். இன்று குருவி மனம் தளர்ந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அவசர ஆர்டரை அப்படியே போட்டுவிட்டுப் பட்டறையைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் பாதியில் ஒரு பந்து அவள் காலுக்கிடையில் நுழைந்து போனது. உண்மையைச் சொன்னால், நடை பழகுகிற குழந்தைகூடத் தடுத்திருக்கும். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குருவி குனிந்த தலை நிமிரவில்லை.

பட்டறைக்காரர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, முன்பைப் போல இரண்டு பங்கு கத்தினார். மனைவியும் எழுந்து கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கத்தி அவர் கேட்டதே இல்லை. சண்டையில்கூட முணுமுணுக்கிற பெண்.

பக்கத்து இருக்கைக்காரர் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்க பொண்ணுங்களா?"

"எங்க வீட்டுப் பொண்ணுதான்," என்று அக்கா முந்திக்கொண்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, அதன் பிறகு குருவி ஒன்றையும் உள்ளே விடவில்லை. காலால் உதைத்தாள். கையுறையால் தட்டினாள். ஒரு பந்தை நெஞ்சிலேயே வாங்கிக்கொண்டு விழுந்தாள். எழுந்ததும் காலரிப் பக்கம் ஒரு பார்வை. மூன்று பேரும் கையை ஆட்டினார்கள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

இனி ஒற்றைக்கு ஒற்றை. எதிரணிக்காரி தனியாகப் பந்தோடு ஓடி வருவாள். எட்டு விநாடி. தடுக்கக் கோல்கீப்பரைத் தவிர ஆள் கிடையாது. அணிக்கு ஐந்து வாய்ப்பு; மொத்தம் பத்தில் ஒன்பது முடிந்து, குருவியின் அணி ஒரு கோல் முன்னே இருந்தது. எதிரணியின் கடைசி ஆள் பந்தை வைத்துக்கொண்டு நின்றாள். தடுத்துவிட்டால் கோப்பை.

அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கும் சத்தம் வராததால் அவளே கத்தினாள்.

ஓடி வந்தவள் இடது பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி வலது பக்கம் திரும்பினாள். குருவி ஏமாறவில்லை. முழு நீளத்துக்கும் விழுந்து, மட்டையை நீட்டி, பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளினாள்.

ஜெயித்துவிட்டார்கள் என்று புரிய அக்காவுக்கு மற்றவர்கள் குதிப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. புரிந்ததும் பக்கத்து இருக்கைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தான் எதிரணிப் பக்கம் என்பதை அந்த மனிதர் அப்புறம்தான் சொன்னார்.

குருவி தோழிகளிடமிருந்து பிய்த்துக்கொண்டு, மெத்தைக் காலோடு தத்தித் தத்திக் காலரி வேலிக்கு வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். ஒடிசலான முகம், நனைந்து ஒட்டிய முடி. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் யாருங்க?"

அந்த முகத்தைப் பட்டறைக்காரர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். குருவி என்ற பேரையே முந்தாநாள் போனில்தான் கேள்விப்பட்டிருந்தார்.

"கை ஒடிஞ்சிருச்சுப்பா. எனக்குப் பதிலா குருவிதான் நிக்கப் போறா. பயந்து போயிருக்கா. அவளுக்குன்னு வீட்ல இருந்து வர ஆளில்ல. நீங்க வர்றதை நிறுத்திடாதீங்க. கத்தாதீங்கன்னு எப்பவும் சொல்வேன்ல, இந்தத் தடவை அவ பேரைச் சொல்லிக் கத்துங்க."

நாலு வருஷம் இந்த ஒரு நாளுக்காக விழுந்து எழுந்த மகள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சமும் உடையவில்லை. இவருக்குத்தான் உடைந்தது.

இப்போது பெருமை தாங்கவில்லை. தொண்டையில் மிச்சம் இருந்ததைத் திரட்டிக்கொண்டு, மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதோ, ஒரு கையில மாவுக்கட்டு, இன்னொரு கையால எல்லாருக்கும் தண்ணி குடுத்துட்டு இருக்கே. அந்தப் பொண்ணோட அப்பா நான்," என்றார்.