ஞாயிற்றுக்கிழமை நிழல்

போர்வைகளைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் அம்மா வாசல் கதவைத் திறந்தாள். மகனின் காரோடு ஒரு லாரியும் தெருவில் திரும்புவதைப் பார்த்து மாடியிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

காருக்குப் பின்னால் அந்தக் குட்டி லாரி நின்றது. கயிறும் ஸ்பேனருமாக இரண்டு பேர் இறங்கினார்கள்.

"யாருப்பா இவங்க?"

"சோலார் ஆளுங்கம்மா. பகல் பூரா சார்ஜ் போட்டாலும் காருக்குப் பாதிதான் ஏறுது. எங்கயோ நிழல் விழுதுன்னு மாமனார் சொல்றார்."

அம்மா சட்டென்று பேச்சை மாற்றினாள்.

"அவளும் குழந்தையும் வரலையா?"

"மாமனார் வீட்ல விட்டுட்டு வர்றேன்."

மகன் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில். அங்கே மொட்டை மாடி அவனுக்குச் சொந்தமில்லை. மின்சாரக் கார் வாங்கிய கையோடு அம்மா வீட்டு மாடியில் சோலார் பலகைகளை வரிசையாக மாட்டினான். "எம்புள்ள எனக்காகப் போட்டுக் குடுத்தான்" என்று இவள் தெருவெல்லாம் சொல்லி மாய்ந்து போனாள்.

அதுவரை ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் தலைகாட்டியவன், பிறகு ஞாயிறு தவறாமல் குடும்பத்தோடு வந்தான். ஆனால் கார் நிரம்ப வேண்டியதுதான், சாப்பிட்ட கை காய்வதற்குள் சாவியை எடுத்துவிடுவான்.

பலகை மாட்ட வந்தவர் அன்றைக்கே சொல்லியிருந்தார். "ஒண்ணுல நிழல் விழுந்தாக்கூட வரிசை மொத்தமும் படுத்துரும், பாத்துக்கங்கம்மா."

பார்த்துக்கொண்டாள். ஞாயிறு காலையானால் ஒரு போர்வை மாடிக்குப் போய்ப் பலகைமேல் படுத்துக்கொண்டது. பிறகு அது இரண்டானது. கார் நிரம்பாததால் மகன் மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினான். பேத்தி இவள் மடியிலேயே கிடந்தாள். பெற்ற பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கத் திருட்டுத்தனம் பண்ண வேண்டியிருக்கிறதே என்று அம்மாவுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அதற்காக விட முடியுமா?

ஆட்கள் மாடியேறினார்கள். குட்டு உடைந்துவிடுமோ என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஸ்பேனர் சத்தம்தான் கேட்டது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று அடுப்படிக்குப் போய் டீ போட்டாள்.

மகன் அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். வந்ததும் வராததுமாகச் சார்ஜர் ஒயரைத் தேடுகிறவன் இன்று அந்தப் பக்கமே போகவில்லை. கார் சும்மா நின்றது.

"முட்டி வலி எப்படிம்மா இருக்கு?"

அவன் இதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பரவால்லப்பா. படி ஏறினாத்தான் குத்துது."

"நீ எதுக்கு மாடிக்கெல்லாம் போற? பேசாம கீழயே இரு."

அவ்வளவுதான், மனசு இளகிவிட்டது. இனி போர்வையும் வேண்டாம், திருட்டுத்தனமும் வேண்டாம். கார் நிரம்பினால் என்ன, நிரம்பாவிட்டால் என்ன, பிள்ளைதான் தானாகவே உட்கார்ந்து பேசுகிறானே. உண்மையைச் சொல்லிவிடலாம், திட்டினால் திட்டட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா. அந்தப் பலகை..."

ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் கட்டிய பலகை ஒன்று மெல்ல இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. கீழே நின்றவர் வாங்கி லாரியில் அடுக்கினார்.

"ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறாங்களா?"

"இல்லம்மா. இனிமே ஞாயித்துக்கிழமையில உனக்கு எங்களால தொந்தரவு இல்ல." மகன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "மாமனார் வீட்டு மாடியில நிழலே விழாதாம்."