ரஹமத்துல்லாவின் டவுட்டு

"ஆரம்பிச்சிட்டாரா உங்க கூட்டாளி?"

ஃபோன் அடித்ததுமே அடுப்பங்கரையிலிருந்து மனைவி ஷீபாவின் குரல் வந்தது.

சாம்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேஜை மேலிருந்த தலையணைத் தண்டிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஃபாக்ஸ்புரோ மேனுவல். உலகம் மறந்துபோன கம்ப்யூட்டர் மொழிக்கு, உலகம் மறந்துபோன அச்சுப் புத்தகம்.

"சொல்றா ரஹமத்து."

"மச்சான், ஒரு டவுட்டுடா..."

வாலாஜாபாத்திலிருந்து ரஹமத்துல்லா. தினமும் காலையில் இதே பாட்டுதான். யாரோ ஒரு ரைஸ் மில்காரர் பழைய கணக்கு புரோகிராமை மாற்றமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். அதைப் பழுது பார்க்கும் வேலை ரஹமத்துல்லாவின் தலையில் விழுந்திருக்கிறதாம். மாதக்கணக்காக அதே மில், ஓயாத டவுட்டு.

ஷீபா கரண்டியோடு வந்து நின்றாள்.

"மில்லுல காசு வாங்கறது அவரு. ஓசியில வேலை செஞ்சி குடுக்கறது நீங்க. வேலை இல்லாம உக்காந்துகினு கீறீங்களே, பாதி வேலையை உங்களுக்குக் குடுக்கணும்னு தோணுதா அந்தாளுக்கு?"

சாம்சன் ஃபோனைப் பொத்திக்கொண்டார். "மெதுவா பேசு. அவங்கிட்ட மேனுவல் இல்ல, பாவம்."

"நெட்டு கூடவா இல்ல? நேராக் கேளுங்க. இல்லாங்காட்டி இன்னியோட நிறுத்திக்கச் சொல்லுங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை என்றே சாம்சனுக்கும் பட்டது. கம்பெனி 'நீங்க வேணாம்' என்று அனுப்பி வைத்த பிறகு, சென்னை வீட்டைக் காலி பண்ணிவிட்டு உத்திரமேரூருக்கு வந்தவர் அவர். வந்த புதிதில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போவார். "இன்னா சார், லீவா?" என்று ஆளாளுக்குக் கேட்கவும், போவதை நிறுத்தினார். அப்புறம் சவரம் நின்றது. அப்புறம் கட்டிலை விட்டு எழுவதே கஷ்டமாகிப்போனது.

இப்போது, பல்லைத் தேய்த்து சட்டை மாட்டி ஃபோனுக்காகக் காத்திருக்கிறார். அதை மட்டும் ஷீபாவிடம் சொல்ல வெட்கம்.

"மச்சான், கீறியா?"

"கீறேன், கீறேன். இன்னா டவுட்டு?"

"இண்டெக்ஸ் ஃபைல் கெட்டுப் போச்சிடா. இன்னா பண்ணணும்னு மறந்துட்டேன்."

"முப்பது வருசமா புரோகிராம் எழுதிக் கிழிச்சே போ." சாம்சன் பக்கத்தைப் புரட்டினார். பழைய தாளின் வாசனை வந்தது. ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல், நடுவில் டீ டம்ளர் வைத்த வட்டம். "ரஹமத்து, இதுல ஒண்ணைத் தேடிக்கினு போனா வழியில நாலு விசயம் கத்துப்போம் இல்ல? இப்ப நெட்டுல தேடுனா வெறும் பதில்தான்டா வருது."

"அதுக்குத்தான உன்னாண்ட கேக்கறேன்."

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய புத்தகம் அது. ரஹமத்துல்லா ஒவ்வொரு பக்கமாக நிறுத்தி நிதானமாக வாசிப்பார், சாம்சன் எழுதிக்கொள்வார். மறுநாள் வாடகைக் கம்ப்யூட்டரில் சாம்சன் வாசிக்க ரஹமத்துல்லா டைப் அடிப்பார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடுகிற பதற்றத்தில் சாம்சன் பக்கத்தை வெடுக்கென்று திருப்புவார். "மெதுவா திருப்புடா, கிழிஞ்சிடப் போவுது" என்று ரஹமத்துல்லா அலறுவார்.

ஆளுக்கொரு வேலை கிடைத்துப் பிரிந்தபோது சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். புத்தகம் சாம்சனுக்கு வந்தது. பஸ் வரைக்கும் அதைச் சுமந்துவந்து, சாம்சனின் மடியில் வைத்துவிட்டுத்தான் ரஹமத்துல்லா இறங்கினார்.

அப்படிப்பட்டவனிடம் போய்க் காசைப் பற்றி எப்படிக் கேட்பது?

ஷீபா நகரவில்லை. 'கேளுங்க' என்று கையாட்டினாள்.

சாம்சன் முதலில் பக்கத்தைக் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இண்டெக்ஸ் ஃபைல் கெட்டுப் போயிருந்தா, முதல்ல... அவ்ளோதான்டா. கீழ் மூலை கிழிஞ்சி கீது. எம் பொண்ணு ஷாரோன் கைக்கொழந்தையா இருக்க சொல்லோ புடிச்சி இழுத்துட்டா."

இதுதான் சமயம். கேட்டுவிட வேண்டியதுதான். சாம்சன் தொண்டையைச் செருமிக்கொண்டு வார்த்தை தேடினார்.

அந்த இடைவெளியில் ரஹமத்துல்லாவின் குரல் தானாகவே தொடர்ந்தது.

"முதல்ல ஃபைலை மூடவும். ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கினு, அப்புறமா மறுபடி இண்டெக்ஸ் பண்ணவும். விவரத்துக்கு அடுத்த பக்கத்துல இருக்கற அட்டவணையைப் பார்க்கவும்..."

நிறுத்தி, நிதானமாக, அதே மேன்ஷன் குரல். கூடவே, சரக்கென்று ஒரு தாள் திரும்பும் சத்தம்.



ஞாபகத்திலிருந்து சொல்கிறவன் தாளைத் திருப்பமாட்டான். சாம்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. மில்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எந்தப் பழைய புத்தகக் கடையில் தேடி அலைந்து பிடித்தானோ! பதிலை மடியில் வைத்துக்கொண்டு, தினம் ஒரு பக்கத்தைத் திறந்து, என்னை எழுப்பி உட்கார வைக்க ஒரு கேள்வியைப் பொறுக்கியிருக்கிறான்.

"மச்சான்... அது வந்து... ஏதோ ஒரு ஞாபகத்துல சொல்லிட்டேன்டா," ரஹமத்துல்லா தடுமாறினார்.

"கேட்டீங்களா, இல்லியா?" என்றாள் ஷீபா.

சாம்சன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரஹமத்து..."

"இன்னாடா?"

"மெதுவா திருப்புடா. கிழிஞ்சிடப் போவுது."