சக்கர நாற்காலிக்கு ஒரு ஆள்

"வேற யாரையாவது உக்கார வைங்க சார். நான் இதுல உக்கார மாட்டேன்," என்றான் நம்பிராஜன். வாடகைக்கு எடுத்து வந்திருந்த சக்கர நாற்காலியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சூப்பர்வைசர் பலராமனுக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து இவனோடு சேர்த்து மூன்று பேர் மறுத்தாகிவிட்டது. நல்ல காலோடு இருப்பவன் அதில் உட்கார்ந்தால் பலித்துவிடும் என்று முதல் இரண்டு பேரும் பயந்தார்கள். ஒரகடம் தொழிற்சாலையில் ரோபோ கையால் வெல்டிங் வைக்கிற காலத்தில் இப்படி ஒரு பயம்! இவனுக்கும் அதே பயம்தான் போலிருக்கிறது என்று பலராமன் நினைத்துக்கொண்டான்.

வினை பலராமனே தேடிக்கொண்டதுதான். ஆறு மாதம் முன்பு வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய படிவத்தில் 'மாற்றுத்திறனாளி ஊழியர்: ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். இப்போது பார்க்கவே ஆடிட்டர் வருகிறார். சாய்தளம், கைப்பிடி வைத்த கழிப்பறை எல்லாவற்றையும் அந்த ஊழியரை வைத்தே சோதிக்க வேண்டுமாம். ஆள் இல்லையென்றால் ஆர்டர் போகும், ஆர்டருக்கு முன்னால் உன் வேலை போகும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வாலாஜாபாத்தில் பலராமன் கட்டுகிற வீடு லிண்டல் மட்டத்தோடு பாதியில் நிற்கிறது.

கழிப்பறை என்னவோ சட்டப்படி கட்டியதுதான். ஆனால் கட்டிய நாள் முதல் பூட்டித்தான் கிடந்தது. உள்ளே ஆயில் கேனும் துடைப்பமும் அடுக்கி, சாவியைப் பலராமன் தன் பையில் வைத்திருந்தான். நேற்றுதான் காலி செய்து பினாயில் ஊற்றிக் கழுவினார்கள்.

நம்பிராஜன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். மூன்று வருடமாக கான்ட்ராக்டில் இருக்கிறான். வேலையில் குறை சொல்ல முடியாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. லைன் பக்கத்து இந்தியன் டாய்லெட்டுக்குப் போகவே மாட்டான். வெஸ்டர்ன் தேடி அட்மின் பிளாக் வரைக்கும் நடப்பான். போன மாதம் அதனால் லைன் பத்து நிமிடம் நின்றுபோக, பலராமன் முப்பது பேர் முன்னால் வைத்துக் கேட்டான்: "இன்னா, துரைக்கு ஆபீஸ் கக்கூஸ்தான் கேக்குதா?"

லைனே சிரித்தது. நம்பிராஜன் தலையைக் குனிந்துகொண்டு போல்ட்டை முடுக்கினான்.

இப்போது பலராமனின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு மணி நேரம் உக்காருப்பா. இல்லாட்டி எனக்கு வேலை பூடும்," என்றான்.

நம்பிராஜன் முதல் தடவையாக நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அதன் பிரேக்கைப் போட்டுவிட்டு மெதுவாக உட்கார்ந்தான். அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

பதினோரு மணிக்கு ஆடிட்டர் சுபஸ்ரீ வந்தார். நம்பிராஜன் உடம்பை முன்னால் சாய்த்து, சாய்தளத்தில் ஒரே மூச்சில் ஏறினான். மேலே போனதும் நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பிக் கழிப்பறைக் கதவுக்குள் நுழைந்தான். எங்கேயும் இடிக்கவில்லை. பயல் இவ்வளவு நன்றாக நடிப்பான் என்று பலராமன் நினைக்கவே இல்லை.

கைப்பிடி ஒரு சாண் தள்ளியிருக்கிறது என்று அவனாகவே ஆடிட்டரிடம் சொன்னான். கதவு உள்பக்கம் திறக்கிறது, உள்ளே விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து யாரும் தள்ளித் திறக்க முடியாது என்றான். அம்மாள் மளமளவென்று எழுதிக்கொண்டார்.

"இது எப்பவும் திறந்திருக்குமா?" என்று கேட்டார்.

பலராமனின் கை பையிலிருந்த சாவிக்குப் போயிற்று. நம்பிராஜன் அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான்.

"தொறந்துதான் மேடம் இருக்கும்."

கிளம்பும்போது சுபஸ்ரீ பலராமனிடம் கை குலுக்கினார். நிறைய இடங்களில் இந்தக் கணக்குக்குப் பொய்யாக எழுதி வைக்கிறார்கள், நீங்கள் உண்மையாக இருக்கிறீர்கள் என்றார். பலராமனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை தப்பியது, ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளையின் பரீட்சையைத் தான் எழுதி மாட்டாமல் வந்ததுபோல இருந்தது.

கார் கேட்டைத் தாண்டியதும் உள்ளே வந்தான். நம்பிராஜன் இன்னும் நாற்காலியிலேயே இருந்தான். கேன்களை எங்கே வைப்பது என்று ஹவுஸ்கீப்பிங் ஆள் கேட்க, பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, பலராமன் நம்பிராஜன் பக்கத்தில் போய் நின்றான்.

"எழுந்துக்கோப்பா, நடிச்சது போதும். ஃபாரத்துல பொய்ய எழுதிட்டு, உன்னையும் பொய் சொல்ல வெச்சுட்டேன். நெசமாவே வெக்கமா கீது."

நம்பிராஜன் எழவில்லை. குனிந்து, இடது முழங்காலுக்குக் கீழே விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினான். பேண்ட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் வாளியைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"நீங்க எழுதுனது பொய் இல்ல சார். அந்தக் கதவ மட்டும் இனிமே பூட்டிராதீங்க."